ரால்ஸை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் சமூக நியாயம் பற்றி எழுதிய 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' (1971) புத்தகத்தை ஆசையாக வாங்கி, நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி, அப்படியே அலமாரியில் ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் முறை எடுத்தபோதுதான் முன்னுரையை ஒழுங்காகப் படித்தேன், வழி அங்கேயே இருக்கிறது. மொத்தம் 87 பிரிவுகள், அடிப்படையைப் பிடிக்க முதலில் 1 முதல் 4 வரை, அங்கிருந்து நேராக 11 முதல் 17, அப்புறம் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் என்று அவரே சொல்கிறார். அதன்படி போங்கள்.

பதினேழாம் பிரிவில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். யாருக்கு என்ன திறமை வாய்க்கிறது, யார் எந்த வீட்டில் பிறக்கிறார் என்பதெல்லாம் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை, அவற்றை ஒரு சமூகம் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் நியாயம் இருக்கிறது என்கிறார். இதைப் படிக்கும்போது அவர் வாழ்க்கையும் தெரிந்திருந்தால் நல்லது. 1921இல் பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதில் இவரிடமிருந்து தொற்றிய நோய்களில், ஒன்று டிப்தீரியா, இன்னொன்று நிமோனியா, இரண்டு தம்பிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். பிறகு பசிபிக் போரில் காலாட்படை வீரர். அதனால்தான் இப்படி எழுதினார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் 'அதிர்ஷ்டம்' என்ற சொல் அவருக்கு வெறும் சொல்லாக இருந்திருக்காது.

சமூகத்தில் நம் இடம் எது என்று தெரியாமலே அதன் விதிகளை வகுப்பதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார் ரால்ஸ், அதுதான் அவருடைய 'அறியாமைத் திரை'. புரியவில்லையா? நண்பர்கள் நான்கு பேர் வீடு எடுக்கிறீர்கள், ஒரு அறை பெரியது, ஒன்றில் ஜன்னலே இல்லை. யாருக்கு எந்த அறை என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே வாடகையைப் பிரித்துப் பாருங்கள். ஜன்னல் இல்லாத அறைக்கு வாடகை தானாகக் குறையும்!

நேரமே இல்லை என்றால், ஹார்வர்டில் அவர் எடுத்த வகுப்புகளின் குறிப்புகளிலிருந்து உருவாகி 2001இல் வந்த 'ஜஸ்டிஸ் ஆஸ் ஃபேர்னஸ்: எ ரீஸ்டேட்மென்ட்' போதும், சின்னப் புத்தகம். 1993இல் வந்த 'பொலிடிக்கல் லிபரலிசம்' இப்போதைக்கு வேண்டாம். அங்கே கேள்வியே வேறு: மதத்திலும் நம்பிக்கையிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரே அரசமைப்பின் கீழ் எப்படி நிலையாக வாழ்வது?

கடைசியாக எதிர்த்தரப்பு. அதே ஹார்வர்டில் இருந்த தத்துவவாதி ராபர்ட் நோஸிக் 1974இல் 'அனார்க்கி, ஸ்டேட், அண்ட் யுடோபியா' புத்தகத்தில் ஒரு கூடைப்பந்து வீரரை வைத்து மடக்கினார்: ரசிகர்கள் விரும்பி ஆளுக்கு 25 சென்ட் கொடுத்து அவர் பணக்காரரானால், அதில் யாருக்கு என்ன அநியாயம்? அதைப் படித்துவிட்டு மறுபடி பதினேழைத் திறந்து, நீங்கள் யார் பக்கம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், நான் இரண்டு முறை அழித்திருக்கிறேன்.