பவுலிங் பந்தைத் தேர்ந்தெடுக்க: முதலில் எண்ணெயைக் கவனியுங்கள்

லேன் (பந்து உருளும் பாதை) முழுக்க ஒரே மாதிரி பளபளத்தாலும், எண்ணெய் முழுக்க இருக்காது. எறியும் கோட்டிலிருந்து முதல் பின் (பந்தால் வீழ்த்த வேண்டிய கட்டை) வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்குத்தான் பூசுவார்கள். வழக்கமாக நடுவில் கனமாக, ஓரங்களில் லேசாக. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடிப்பு கிடைத்து வளையும்.

எண்ணெய் அதிகம் என்றால் சொரசொரப்பான ரியாக்டிவ் ரெசின் (லேனை நன்றாகப் பிடிக்கும் மேலுறை) பந்து. காய்ந்த லேன் என்றால் பாலிஷ் போட்டது.

அப்புறம் உங்கள் கை. வேகமாக எறிந்து, சுழற்சி குறைவாகக் கொடுப்பவருக்குப் பந்து வளைய நேரமே கிடைக்காது. சொரசொரப்பான பந்துதான் கைகொடுக்கும். மெதுவாக எறிந்து நிறையச் சுழற்றுபவர் அதையே எடுத்தால், பாதி வழியிலேயே வளைந்து, பின்னைத் தொடும்போது சோர்ந்துவிடும். நான் இந்த இரண்டாவது ரகம். ஆசைப்பட்டு வாங்கிய சொரசொரப்புப் பந்து இப்போது அலமாரியில் தூங்குகிறது.

திரும்பி வரும் பந்தைப் பாருங்கள்: எண்ணெய் வளையமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆட்டம் போகப்போக எண்ணெய் குறைந்து பந்து சீக்கிரமே வளைய ஆரம்பிக்கும். உடனே பந்தை மாற்றாதீர்கள். வலக்கைக்காரர் என்றால் இரண்டு பலகை (லேனின் நீளவாக்குப் பட்டைகள்) இடப்பக்கம் நகர்ந்து நின்று பாருங்கள்.

மூலையில் ஒற்றைப் பின் நிற்கிறதா? சாதா பிளாஸ்டிக் பந்து போதும், நேராகப் போகும்.