பிளக் நுழைந்தால் போதாது: வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழுக்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது என் தொழில். ஹோட்டலில் இறங்கிய முதல் இரவே யாராவது கையில் ஒயரோடு என் அறைக் கதவைத் தட்டுவார்கள். அடாப்டரை மறந்து வந்தவர்களால் தொந்தரவே இல்லை. வரவேற்பறையில் கேட்டால் பெரும்பாலும் இரவல் கிடைத்துவிடும். இது அடாப்டரோடு வந்தவர்களுக்காக. இவற்றில் எதையெல்லாம் ஒரு காலத்தில் நானே செய்தேன் என்று சொல்லப்போவதில்லை.

நுழைந்துவிட்டது, அப்புறம் என்ன?

எத்தனை தடவை சொன்னாலும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றும், அவ்வளவே. சுவரில் 230 வோல்ட் இருந்தால் கருவிக்குள்ளும் 230தான் போகும். ஜப்பானில் 100, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 220 முதல் 240 வரை. பிரேசிலில் சில ஊர்களில் 127, சில ஊர்களில் 220. சாக்கெட்டின் வடிவத்தை வைத்து எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்களில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். அவற்றுக்குப் பின் பொருந்தினாலே போதும். ஆளைக் கெடுப்பதும் இந்த சௌகரியம்தான். போன் சார்ஜ் ஆகிவிட்ட தைரியத்தில் ஹேர் டிரையரையும் அதே அடாப்டரில் செருகிவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து நேராகப் பாரிஸ் வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு அம்மா 120 வோல்ட் டிரையர் கொண்டுவந்திருந்தார். "லேபிளைப் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டேன். "அடாப்டர் இருக்கு சார், நல்ல அடாப்டர்" என்றார். மறுநாள் காலை தாழ்வாரம் முழுக்கத் தீய்ந்த வாடை, அவர் அறையில் கரண்ட் இல்லை. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடேற்றும் கம்பிச்சுருள் இழுக்கும் வாட் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் டிரையர், 230 வோல்ட்டில் கணக்குப்படி 5500 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். அதுவரை எங்கே தாங்கும்? அதற்கு முன்பே கருகிவிடும். தலைகீழாகச் செய்தால் ஆபத்து குறைவு. 230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் கால்வாசி சூடுதான் வரும், தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கதை அங்கே முடியவில்லை. அன்று மாலையே அவர் '1600 வாட்' என்று போட்ட ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும், கனமே இல்லை. அதில் எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் சார்ஜரைச் செருகினார். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அதுவும் செத்தது. இந்த மாதிரி லேசான கன்வர்ட்டர்கள் மின் அலையை நறுக்கித்தான் வோல்ட்டைக் குறைக்கின்றன. கம்பிச்சுருளால் சூடேறும் கருவிக்கு மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும் அது சரிப்படும். சார்ஜருக்கும் மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 1500 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மர் கிலோக்கணக்கில் கனக்கும்; அதைப் பெட்டியில் சுமப்பதைவிட டிரையரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். ஹோட்டலிலேயே ஒன்று இருக்கும்.

120, 230 இரண்டு வோல்ட்டிலும் ஓடும் டிரையர்

நாணயத்தால் திருப்பும் குட்டி ஸ்விட்ச் ஒன்று அதில் இருக்கும். திருப்புங்கள். ஊர் திரும்பியதும் மறுபடி திருப்புங்கள்.

120 வோல்ட் ஸ்பைக் பஸ்டரை எடுத்துப் போவது

ஒரே அடாப்டர், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பது நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பைக் பஸ்டர் என்பது திடீரென்று எகிறும் வோல்ட்டிலிருந்து (ஸ்பைக்) கருவிகளைக் காக்கும் பாக்ஸ்; 120 வோல்ட் நாட்டில் வாங்கியதற்கு 230 வோல்ட்டே ஒரு பெரிய ஸ்பைக். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் விடாமல் கரண்ட்டைக் கடத்திச் சூடேறும். பிரேக்கர் விழும், இல்லை புகை வரும். 250 வோல்ட் என்று போட்ட சாதாரண பாக்ஸ் போதும்.

ஆம்பியரைப் பார்க்காமல் விடுவது

6 ஆம்பியர் என்று போட்ட அடாப்டர் 230 வோல்ட்டில் 1380 வாட் (6 × 230) தாங்கும். 120 வோல்ட்டில் 720தான்.

எர்த்தை ஏமாற்றுவது

பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் சாக்கெட்டுகளில் மேல் துளைக்குள் எர்த் பின் போனால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளின் மூடி திறக்கும். குழந்தைகள் எதையாவது குத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த மூடி அது. அதை பேனா மூடியால் நெம்பித் திறந்து, இரண்டு பின் பிளக்கைத் திணிக்கும் பெரியவர்களை என்ன செய்வது? மூன்று பின் உள்ள அடாப்டரை வாங்குங்கள்.

மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. உலோக லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இருப்பது அதனால்தான். லேப்டாப் அளவில் பெரும்பாலும் பயமில்லை. இஸ்திரிப் பெட்டியையும் உலோகக் கெட்டிலையும் அப்படிப்பட்ட அடாப்டரில் போடவே போடாதீர்கள்.

ஐரோப்பா முழுக்க ஒரே பிளக் என்று நம்புவது

மெல்லிய இரண்டு பின் சுவிட்சர்லாந்து சாக்கெட்டில் நுழையும். ஜெர்மனியின் தடித்த உருண்டை பிளக் நுழையாது.

குளியலறை சாக்கெட்

'ஷேவருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் ஷேவருக்கு மட்டும்தான்.

சாவி அட்டையை உருவிக்கொண்டு கிளம்புவது

அட்டையை எடுத்தால் அறையில் கரண்ட் போகும், நீங்கள் செருகிவிட்டுப் போன பவர் பேங்க் அப்படியே கிடக்கும். பல ஹோட்டல்களில் குட்டி ஃபிரிட்ஜுக்குப் போகும் லைன் மட்டும் அணையாது. அதன் பக்கத்தில் காலி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். உள்ளே யாருடைய இன்சுலின் இருக்கிறதோ.