குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு வாரம்: பூட்டில் தொடங்கி புகாரி வரை

முதல் முறை பனிச்சறுக்கு கற்க வருகிறவர்களின் நாளைப் பெரும்பாலும் கெடுப்பது பூட்தான். இறுகிப் பிடித்தால் அரை மணியில் பாதம் மரத்துவிடும். தொளதொளவென்று இருந்தால் கால் திரும்பும், சறுக்குப் பலகை திரும்பாது. உள்ளே ஈரம் இருந்தால் பதினொரு மணிக்கே அறைக்குத் திரும்பிவிடத் தோன்றும். அதனால் இங்கே சறுக்குவதைப் பற்றிச் சொல்வதைவிட உடுப்பது, உலர்த்துவது, சூடு காப்பது பற்றிச் சொல்வதுதான் அதிகம். மலையூரில் குளிர்காலம் கழிக்கிறவர்களின் நாளும் இப்படித்தான் போகிறது. சில மணி நேரம் பனியில், மீதியெல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்கான ஏற்பாட்டில்.

எப்போது போவது, எப்படி ஏறுவது

காஷ்மீரில் உள்ள குல்மார்க் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் நீலகிரியில் உறைபனி புல் நுனியில் வெள்ளையாகப் படிவதோடு சரி, இங்கே கூரை விளிம்பு வரை குவிகிறது. குல்மார்க் 34 டிகிரி வடக்கில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றமைப்புகள் குளிர்காலத்தில் இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன.

டிசம்பர் 21 முதல் 40 நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். குளிரின் உச்சம் அதுதான். இருந்தாலும் பனி டிசம்பரிலேயே நிறைந்துவிடும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். ஜனவரி தொடக்கத்தில் தரை வறண்டு கிடந்த ஆண்டுகள் உண்டு. ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி கடைசி வரை கற்றுக்கொள்ள நல்ல காலம். மார்ச்சில் காலைப் பனி இரவில் உறைந்து கண்ணாடிபோல் இருக்கும், மதியம் கூழாகிவிடும். புதியவர்களுக்கு இரண்டுமே சிரமம்.

ஸ்ரீநகரிலிருந்து டாங்மார்க் வரை சாதாரண டாக்சி போகும். அங்கிருந்து குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் ஏற்றம். பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் உள்ளூர் வண்டியோதான் மேலே போகும். இந்த மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டாங்மார்க்கிலேயே முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட் வாடகைக்குக் கிடைக்கும். சறுக்காத நேரத்தில் ஊருக்குள் நடக்க அதைவிட நல்லது வேறில்லை, உள்ளூர்க்காரர்கள் காலிலும் அதுதான். வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எண்ணோடு போங்கள்.

முதல் நாள் எதையும் கற்கத் தொடங்காதீர்கள். இந்த உயரத்தில் பெரிய தொல்லை வராவிட்டாலும் லேசான தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். குளிரில் தாகம் தெரியாது. அதற்காக விட்டுவிடாமல் வெந்நீராகவாவது ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கப் பாருங்கள்.

பூட் எடுப்பது

வாடகைக் கடைக்குக் காலையில் போகாமல் முந்தைய நாள் மாலையே போங்கள். காலையில் கூட்டம் இருக்கும், கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார். ஸ்கீ பூட்டின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். 26.5 வந்தால் 26.5 பூட். ஊரில் போடும் ஷூ எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் ஓர் அளவு பெரிதாகவே கைக்கு வரும்.

சரியான அளவா என்று பார்க்க உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையை உருவி எடுத்துவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்சுவரைத் தொடுமளவு முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல், அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர், நுழைந்தால் சரி. மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் பூட் பெரிது. உறையைத் திரும்ப மாட்டிப் போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முட்ட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் அந்த முட்டல் விலக வேண்டும். நின்றாலும் சாய்ந்தாலும் குதிகால் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம்.

காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை வருவது, கம்பளியோ செயற்கை இழையோ. இரண்டு போட்டால் சூடு என்பது இங்கே தலைகீழ். மடிப்பு விழுந்து தோல் வழன்றுவிடும், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் சில்லிடும். உள்ளே போடும் தெர்மல் பேன்ட்டின் நுனியைப் பூட்டுக்குள் திணிக்காமல் மேலே ஏற்றிவிடுங்கள். பூட்டுக்குள் பாதமும் காலுறையும் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஒரு தையல் விளிம்புகூட மாலைக்குள் கணைக்கால் எலும்பில் நீலத் தழும்பு போட்டுவிடும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லாக் கொக்கியையும் திறந்து, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக் காலை நுழையுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு முறை ஓங்கித் தட்டி, பின்னால் உட்காரவையுங்கள். பிறகு முழங்காலை முன்னே சாய்த்தபடி முதலில் கணுக்காலுக்கு நேரே உள்ள கொக்கி, அடுத்து மேல் கொக்கி. விரல் பக்கத்து இரண்டையும் கழன்றுவிடாத அளவுக்கு லேசாகப் போட்டால் போதும். கால் மரத்துப்போனால் பலரும் பூட் சின்னது என்று நினைக்கிறார்கள். பாதத்தின் மேலே இருக்கும் கொக்கியை அளவுக்கு மீறி இறுக்கியதுதான் பெரும்பாலும் காரணம்.

பலகையும் பைண்டிங்கும்

புதியவருக்குப் பலகையின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் இடையே இருந்தால் போதும். பூட்டைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று முழங்காலைக் காப்பாற்ற வேண்டிய கருவி. அது எந்த விசையில் கழலும் என்பது எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், ஓட்டும் திறமை இவற்றைப் பார்த்து வைப்பது. எடையை உள்ளபடி சொல்லுங்கள், 'முதல் முறை' என்றும் சொல்லுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் சின்னக் கண்ணாடிச் சாளரத்தில் ஓர் எண் தெரியும். இடது பலகையில் என்ன இருக்கிறதோ அதுவே வலதிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முந்தைய வாடகைக்காரர் உங்களைவிட 30 கிலோ கூடுதலான ஆளாக இருந்து, எண்ணை மாற்றாமல் கொடுத்துவிட்டால், விழும்போது பலகை கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு முன் பூட் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டி எடுங்கள். ஒரு விரல் கனம் பனி இருந்தாலும் பைண்டிங் 'டக்' என்று பூட்டாது, பூட்டினாலும் கழல வேண்டிய நேரத்தில் சரியாகக் கழலாது. சரிவில் மாட்டும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, பள்ளத்துப் பக்கப் பலகையை முதலில் மாட்டுங்கள்.

உடுப்பு

மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் தெர்மல், நடுவில் ஃப்ளீஸோ மெல்லிய கம்பளியோ, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கற்கத் தொடங்கியவர் அடிக்கடி விழுவார், விழுந்தால் நனைவார் என்பதால் இது அவருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெயில் கீழிருந்தும் அடிக்கிறது என்று பொருள். சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், காதோரம் எல்லாம் பூசுங்கள். மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி போடுங்கள், அன்று மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாது. ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள்.

சரிவில் முதல் இரண்டு நாள்

கண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் உங்களைக் கொங்டூரிக்கு, சுமார் 3,100 மீட்டருக்குக் கொண்டுபோகும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத் தோளில் சுமார் 3,950 மீட்டரில் விடும். புதியவருக்கு இரண்டுமே முதல் நாள் வேண்டாம். கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளே போதும். மத்திய அரசின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிலையமும் குல்மார்க்கிலேயே இருக்கிறது. தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டால் எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு, கருவி வாடகை சேர்த்தா என்று முன்பே பேசிவிடுங்கள்.

வகுப்பு பெரும்பாலும் இந்தியில் நடக்கும். நாலு சொல் தெரிந்தால் போதும். 'ஆகே ஜுக்கோ' என்றால் முன்னே சாய். 'குட்னே மோடோ' என்றால் முழங்காலை மடக்கு. 'நீச்சே மத் தேக்கோ' என்றால் கீழே பார்க்காதே. 'ருக்கோ' என்றால் நில்.

முதலில் ஒற்றைப் பலகையோடு சமதரையில் பத்து நிமிடம் வழுக்கி நடங்கள். பிறகு இரண்டையும் மாட்டி, சரிவில் பக்கவாட்டில் படிப்படியாக ஏறிப் பழகுங்கள். அடுத்தது நிற்கக் கற்பது: பலகைகளின் முன்நுனிகள் நெருங்கி, பின்நுனிகள் அகன்று, பீட்சாத் துண்டுபோல். குதிகாலை வெளியே தள்ளித் தள்ளி உள்விளிம்பைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். நுனிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் விழுவீர்கள்.

திருப்பம் முதலில் குழப்பும். வலப்பக்கம் போக இடது காலை அழுத்த வேண்டும். எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்ப்பது மனித இயல்பு, அதை மறக்கத்தான் அரை நாள் ஆகும்.

எல்லோரும் செய்யும் ஒரே பிழை, பயத்தில் பின்னால் சாய்வது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பாதியில் எடை இருக்காது. முன்பாதிதான் திருப்பத்தைத் தொடங்கி வைப்பது. எடை இல்லாமல் அது மிதக்கும், வேகம் கூடும், பயம் இன்னும் கூடும். கணைக்காலின் முன்பக்கம் பூட்டின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த அழுத்தம் போன கணமே நீங்கள் பின்னால் போய்விட்டீர்கள்.

விழத்தான் போகிறீர்கள். பக்கவாட்டில், இடுப்புப் பக்கம் உட்காருவதுபோல் விழுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். கையில் பிடிக்கும் சறுக்குக் கோலின் வாரில் கையை நுழைத்துக்கொள்ள வேண்டாம், விழும்போது கட்டைவிரலைப் பிடித்து இழுத்துவிடும். எழுவதற்குப் பலகைகளை உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்து, மேட்டுப் பக்கத் தரையைக் கையால் தள்ளி எழுங்கள். இரண்டு முறை முயன்றும் முடியாவிட்டால் மேல்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு எழுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை, மீதி நாளுக்குத் தேவையான தெம்பு மிஞ்சும்.

மதியம் இரண்டரை மணிக்கு மேல் 'இன்னும் ஒரு முறை' என்று போகாதீர்கள். தொடை களைத்திருக்கும், பனியும் இறுகத் தொடங்கியிருக்கும்.

கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் போகவே போகாதீர்கள். அஃபர்வத்தின் சரிவுகளில் பனிச்சரிவு உயிர்களைப் பறித்திருக்கிறது. பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு வெயில் பளிச்சென்று அடிக்கும் முதல் நாள் பார்க்க அழகானது, ஆபத்தும் அன்றைக்குத்தான் அதிகம். பனியில் புதைந்தவரின் இருப்பிடம் காட்டும் கருவி, துழாவும் கம்பு, மண்வாரி மூன்றும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கூட்டாளியும் வழிகாட்டியும் இருப்பவர்களுக்கான இடம் அது.

மாலையும் இரவும்

பூட்டைக் கழற்றியதும் உறையை வெளியே எடுத்து, நாக்கை விரித்து, காற்றுப்படும்படி வையுங்கள். விறகு அடுப்பான புகாரிக்கு ஒட்டி வைத்தால் உறை உருகிச் சுருங்கும், கையைப் பொறுக்க வைக்க முடிகிற தூரம்தான் சரி. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலைக்குள் உலர்ந்துவிடும். இரவில் பூட்டை வராந்தாவில் விடாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் கல்லாகிவிடும், காலை நுழைக்கவே முடியாது.

புகாரி எரியும் அறையில் சாளரத்தை ஒரு விரற்கடை திறந்து வைத்து, தூங்குவதற்கு முன் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உள்ளூர்க்காரர்கள் ஃபெரன் என்னும் நீண்ட தொளதொள அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி, பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரித்தணல். கம்பளி ஃபெரனுக்கு அது சரி. நைலான் ஜாக்கெட்டுக்குள் வைத்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மடியில் வைத்தபடி தூங்கவும் வேண்டாம். விரல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் தணலில் காட்டாமல், பனியால் தேய்க்காமல், அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, காஷ்மீரிகளும் சோறு உண்கிறவர்கள்தான். ஹாக் கீரையும் பருப்பும் எளிதாகக் கிடைக்கும். ரோஜா நிறத்தில் வரும் நூன் சாய் என்னும் தேநீர் உப்புப் போட்டது, சர்க்கரை இருக்கும் என்று வாயில் வைத்துவிடாதீர்கள்.

குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க இரவில் நூல்போலச் சொட்டவிடச் சொன்னால் மூடிவிடாதீர்கள். தகரக் கூரை விளிம்புக்குக் கீழே நடக்காதீர்கள், வெயில் பட்டதும் மொத்தப் பனியும் சத்தமில்லாமல் நழுவி விழும்.

ஊர் திரும்பும் நாளுக்கு முன்னால் ஒரு முழு நாளைக் காலியாக விட்டு, அன்றிரவை ஸ்ரீநகரில் கழியுங்கள். பனி விழுந்தால் டாங்மார்க் சாலையும் மூடும், விமானமும் ரத்தாகும். கருவிகளைக் கடைசி வகுப்பு முடிந்த மாலையே திருப்பிக் கொடுத்து, முன்பணத்தை வாங்கிவிடுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கடை திறந்திருக்காது.