ஊசி போட்ட பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது: கோத்தகிரிக் குளிரில் நான் கற்றது

போன மார்கழியில் எங்கள் சாம்புவைக் குன்னூருக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டு வந்தேன். அன்று நான் பட்ட பதற்றத்தில் பாதி வீண். முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முகம் வீங்கும், திரும்பத் திரும்ப வாந்தி வரும், மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும். இதில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மலையில் இன்னொரு குழப்பம் உண்டு. வரும் வழியில் வளைவுகளில் சாம்பு கூடைக்குள்ளேயே வாந்தி எடுத்தது. ஒவ்வாமைதான் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, “பஸ்ஸில் நமக்கு வருமே, அதுதான்” என்று சிரித்தார். ஒரு தடவை எடுத்து, வண்டி நின்றதும் தெளிந்துவிட்டால் பயணத்தின் வேலையாக இருக்கலாம். நின்ற பிறகும் தொடர்ந்தால் என்னைப் போலவே திருப்புங்கள், தப்பில்லை.

2. வீட்டுக்கு வந்ததும் ஒரு அமைதியான அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தண்ணீர், மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி போதும். ஓரிரு நாள் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். ராத்திரி வெளியே விடவே வேண்டாம். சோர்ந்த பூனை, சிறுத்தை நடமாடும் ஊர்.

3. தொட்டுப் பார்த்துவிட்டு “காய்ச்சல்” என்று முடிவு கட்டாதீர்கள். பூனையின் இயல்பான உடல் சூடே ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல், அதற்குச் சாதாரணம். பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் அது தள்ளிப் படுத்துக்கொள்ள இடம் வேண்டும். மூடிய அறையில் கரிச் சட்டி வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நமக்கும் எமன்.

4. சாப்பாட்டை அன்று பாதி ஒதுக்கும். உப்பு போடாமல் வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக வைத்தால் வாசனைக்கே வரும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்கு போன் போடுங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

5. ஊசி போட்ட இடத்தில் கடலை அளவு கட்டி வரலாம். “ஒத்தடம் குடுத்தா கரைஞ்சிடும்டா” என்று அம்மா துணியோடு வந்துவிட்டார். வேண்டாம், தேய்க்கவும் கூடாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். ஊசித் தேதியைக் காலண்டரில் குறித்து, வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு மாதம் கழிந்தும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ, 2 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, 3 மாதம் ஆகியும் இருந்தாலோ கட்டாயம் காட்ட வேண்டும். அபூர்வமாக அது புற்றாக மாறுவதுண்டு.

6. குளிப்பாட்டுவது ஒரு வாரம் கழித்து. இந்தக் குளிரில் யார் குளிப்பாட்டப் போகிறார்கள்!

7. போட்டது முதல் ரேபிஸ் ஊசி என்றால், பாதுகாப்பு உருவாகச் சில வாரம் ஆகும். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்த பாஸ்டர் நிலையம் 1907-லேயே குன்னூரில் வந்துவிட்டது. ஆனாலும் பூனைக்கடியை நம்மவர்கள் பொருட்படுத்துவதில்லை. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.