மால்லாக் வரியில் எதை அளப்பது?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்கு, சி மொழியில் இருப்புக் கணக்கு புரோகிராம் எழுதினோம். புது டிசைன் சேர்த்தால் கிராஷ் ஆனது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டினேன், 'இன்வேலிட் ரைட்' (ஒதுக்காத இடத்தில் எழுதுவது) என்று வரி எண்ணோடு காட்டியது. நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மால்லாக் வரியில்தான் தவறு. பாயின்ட்டரை (அந்த இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறி) பெரிய ஸ்ட்ரக்சருக்கு (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் டைப், அதாவது தரவு வகை) மாற்றிவிட்டு, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் உள்ளே பழைய ஸ்ட்ரக்சரின் பெயரையே விட்டிருந்தோம். அதனால் ஒதுக்கிய இடம் போதவில்லை. கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தரவில்லை.

பாயின்ட்டர் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி போட்டு, அது சுட்டும் பொருளையே சைஸ்ஆஃபில் அளப்போம் என்றேன். "அண்ணே, டைப் பெயர் இருந்தால்தானே படிக்கிறவருக்குப் புரியும்?" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் டைப் மாறினால் அளவும் தானாக மாற வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். லினக்ஸ் கெர்னலின் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) கோட் நடை விதியும் இதையே சொல்கிறது.

அப்புறம் காஸ்ட், அதாவது மால்லாக் தரும் முகவரியின் டைப்பை நாமே மாற்றி எழுதுவது. சி பிளஸ் பிளஸ்ஸில் அது கட்டாயம். சி-யில் 1989 தரநிலையிலிருந்தே தேவையில்லை. மால்லாக்கை அறிவிக்கும் எஸ்டிடிலிப் ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்தால், பழைய கம்பைலர்கள் மால்லாக் இன்ட் (முழு எண்) தருவதாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரி பாதியாக வெட்டுப்படும். காஸ்ட் போட்டால், இன்ட்டைப் பாயின்ட்டரில் வைக்கிறாய் என்று கம்பைலர் தரும் எச்சரிக்கையும் மறைந்துவிடும்.

சரி என்றான் தம்பி. அன்று மாலையே எல்லா வரிகளையும் மாற்றினோம்.