விறகுக் கணப்பின் வெப்பத்தை வீடு முழுவதும் பரப்ப

கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் வெர்மான்ட் போன்ற குளிர்ப் பகுதிகளில், கீழ்த்தளத்தில் விறகுக் கணப்பு (விறகை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) உள்ள மாடி வீடுகளில், கணப்பு இருக்கும் அறை மிகச் சூடாகவும் தொலைவிலுள்ள அறைகள் சில்லிட்டும் இருப்பது வழக்கம். பலரும் விசிறியைக் கணப்பின் அருகே வைத்து வெப்பக் காற்றை வெளியே தள்ள முயல்கிறார்கள். அதற்கு நேர்மாறாகச் செய்வதே நல்ல பலன் தரும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்து தரையோடு தங்குவதால், சிறிய மேசை விசிறி ஒன்றைக் குளிர்ந்த அறையின் வாசலில் தரைமீது வைத்து, கணப்பை நோக்கிக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால், வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்ப வெப்பக் காற்று கதவின் மேற்பகுதி வழியாகத் தானே உள்ளே வரும். கதவு நிலையின் மேல் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைத் தொங்கவிட்டால், காற்று செல்லும் திசையைக் கண்ணாலேயே காணலாம்.

மாடிக்கு வெப்பம் படிக்கட்டு வழியே தானாகவே ஏறும் என்பதால், அங்குள்ள அறைக் கதவுகளைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போதும். தளத்தில் துளையிட்டுக் காற்றுவழி அமைக்க விரும்புவோர், தீயும் புகையும் அவ்வழியே பரவக்கூடும் என்பதால், உள்ளூர்க் கட்டட விதிகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணப்பு எரியும்போது சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பக்கூடும். ஆகவே ஒவ்வொரு தளத்திலும், புகையோடு வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.