புது வண்டியில் மறைந்திருக்கும் பெயிண்ட் வேலை: டெலிவரிக்கு முன் நீங்களே பார்ப்பது எப்படி?

புது வண்டிக்கு எதற்கு பெயிண்ட் சோதனை என்று கேட்பவர்கள், அது ஷோரூமுக்கு வந்து சேரும் வழியை யோசிப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ தயாராகும் கார் என்றால் சென்னைக்கு வர அதிக நேரம் ஆகாது. ஹரியானாவின் மானேசரிலிருந்து சாலை வழியாக வரும் கார் டிரெய்லரில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. ஏற்றும்போது உரசலாம், இறக்கும்போது இடிக்கலாம். அப்புறம் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஸ்டாக்யார்டில் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கும். அங்கே யாராவது அவசரத்தில் ரிவர்ஸ் எடுத்தால் கதை முடிந்தது. இப்படிச் சின்னதாக அடிபட்ட வண்டி பெரும்பாலும் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போவதில்லை. இங்கேயே டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு நிறுத்திவிடுவார்கள்.

வாங்குபவரிடம் சொல்லி, அதற்குத் தக்கபடி விலையும் குறைத்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லாமல் தள்ளிவிடுவதுதான் பிரச்சினை. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரப் பொறுமையும் ஒரு டார்ச்சும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கீழே நான் சொல்லும் எந்த அடையாளமும் தனியாக எதையும் நிரூபிக்காது. ஒரே பேனலில் இரண்டு மூன்று அடையாளங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இதை மறந்துவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் சண்டை போட்டால், உண்மையான குறையைக் காட்டும்போது யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

கம்பெனி பெயிண்டுக்கும் வெளிப் பெயிண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தொழிற்சாலையில் காரின் வெற்று பாடியை அப்படியே ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு ஏற்றுவார்கள். அதன்மேல் பிரைமர், பிறகு கலர், கடைசியாகப் பளபளப்புக்குக் கிளியர் கோட். இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 80 முதல் 150 மைக்ரான்தான் வரும். 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். மொத்தப் பெயிண்டும் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கனம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் பாடியில் ஒயரோ ரப்பரோ சீட்டோ எதுவும் இருக்காது. அதனால் 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றிப் பெயிண்டை இறுக வைக்க முடிகிறது. முழுசாகப் பூட்டி முடித்த வண்டியில் அது நடக்காது. பெயிண்ட் அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கும் நல்ல சர்வீஸ் சென்டரிலேயே 60, 70 டிகிரிதான். தெருவோர டிங்கரிங் கடையில் அதுவும் கிடையாது, வெயிலில் காய வேண்டியதுதான். ரிப்பேர் செய்யும்போது பழைய பெயிண்டுக்கு மேலேயே அடிப்பதால் கனம் கூடும். ரப்பர், கண்ணாடி எல்லாம் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு அடிப்பதால் ஓரங்களில் கோடு விழும். நாம் தேடப்போவது இந்த இரண்டையும்தான்.

படி 1: எப்போது, எங்கே பார்ப்பது

உங்கள் பெயரில் பதிவு ஆவதற்கு முன்னால். இதைவிட முக்கியமான படி இந்தப் பதிவில் வேறு இல்லை. நம்பர் வந்துவிட்டால் சட்டப்படி வண்டி உங்களுடையது. அதற்குப் பிறகு 'வேற வண்டி கொடுங்க' என்று கேட்டு வாங்குவது லேசில் நடக்காது. முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், "வண்டியை ஸ்டாக்யார்டிலேயே வந்து பார்க்கிறேன், சேசிஸ் நம்பரைக் கொடுங்கள்" என்று விற்பனைப் பிரதிநிதியிடம் மெசேஜில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம். பார்த்த வண்டியின் 17 எழுத்து நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரிக்கு வருவதும் அதே வண்டிதானா என்று சரிபார்க்க அது உதவும்.

டெலிவரி நாளன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்றைக்குப் பூமாலை, கேக், ரிப்பன் கட்டிய பெரிய சாவி, போட்டோ என்று ஒரே அமர்க்களமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் குனிந்து போல்ட் பார்க்க யாருக்கு மனசு வரும்?

நேரம் காலை 7 முதல் 9, அல்லது மாலை 4-க்கு மேல். சாய்வான வெயிலில் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். சென்னையின் உச்சி வெயிலில் கண் கூசும், பேனலில் கை வைக்க முடியாது. வண்டி கழுவித் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமான வண்டியில் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும்.

படி 2: பிரதிபலிப்பைப் பாருங்கள்

வண்டியின் மூலையில் உட்கார்ந்து, ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை பக்கவாட்டில் ஒரே நேராகப் பாருங்கள். எதிரே இருக்கும் கட்டடத்தின் விளிம்போ ட்யூப் லைட்டோ அந்தப் பெயிண்டில் கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குப் போகும்போது நெளிந்தால் அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

கம்பெனி பெயிண்டிலும் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய புள்ளிப் புள்ளி இருக்கும். அது இருப்பது குறையில்லை. அது ஒரு பேனலில் தெரிய, பக்கத்துப் பேனல் மட்டும் அது இல்லாமல் கண்ணாடி போல வழவழவென்று இருந்தால்தான் கேள்வி. அந்தப் பேனலை மட்டும் தேய்த்து பாலிஷ் போட்டிருக்கலாம். டார்ச்சை நெருக்கமாகப் பிடித்தால் வட்ட வட்டமாகப் பாலிஷ் கோடுகளோ, பெயிண்டுக்கு அடியில் எமரி பேப்பர் தேய்த்த இணைக் கோடுகளோ தெரியும். பெயிண்டில் மாட்டிக்கொண்ட தூசி சின்ன முடிச்சாக விரலில் தட்டுப்படும்.

மெட்டாலிக் சில்வர், கிரே வண்டிகளில் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியத் துகள் படிந்திருக்கும் விதம் ஸ்ப்ரே அடிக்கும் கைக்குக் கை மாறும். நேராகப் பார்த்தால் ஒரே நிறம். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரியும். ஆனால் பம்பரை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். அது பிளாஸ்டிக், பாடியோடு சேர்த்துப் பெயிண்ட் அடிக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் இருப்பது சகஜம். "சார், அது கம்பெனியிலேயே அப்படித்தான் வரும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், பம்பர் விஷயத்தில் அவர் சொல்வது உண்மைதான்.

படி 3: ஓரங்கள்

வெளியே எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாலும் ஓரத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அதிக நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

கதவைத் திறங்கள். கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கை ஒரு இடத்தில் மெதுவாக இழுத்து, அதற்கு அடியில் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பீடிங்குக்கு அடியிலும் அதே நிறத்தில் தொடர்ந்து போகும். வெளியே அடித்திருந்தால் அங்கே மாஸ்கிங் டேப் நின்ற இடம் ஒரு மெல்லிய வரப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தை மெல்ல ஓட்டினால் 'டக்' என்று தட்டும். அழுத்திச் சுரண்ட வேண்டாம், தடவினாலே தெரியும்.

அதே கதவின் உள் ஓரத்தில், இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடத்தில், பசை மாதிரி ஒரு சீலர் கோடு ஓடும். கம்பெனியில் போட்டது ஒரே அகலத்தில், நகத்தால் அழுத்தினால் லேசாக இசைந்து கொடுக்கும். கையால் போட்டது கோணலாக இருக்கும், அல்லது சீலரே இருக்காது. வலது கதவையும் இடது கதவையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி.

டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும். அதன் விளிம்பில் பெயிண்ட் தூசு படிந்திருந்தாலோ, ஸ்டிக்கரே காணாமல் போயிருந்தாலோ காரணம் கேளுங்கள். வீல் ஆர்ச்சின் கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடி ஓரத்து ரப்பர், டிக்கிக்குள் டெயில் லைட்டைச் சுற்றிய பகுதி, இங்கெல்லாம் வண்டியின் நிறம் பனிபோலப் படிந்திருக்கிறதா பாருங்கள். இடுக்குகளில் பாலிஷ் போடும் பசை (காம்பவுண்ட்) வெள்ளைப் பொடியாகக் காய்ந்து கிடந்தால் அந்தப் பக்கம் சமீபத்தில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பானட்டைத் திறந்ததும் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை வந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

படி 4: போல்ட்

பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். பல வண்டிகளில் இவற்றைப் பூட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் போல்ட்டும் பாடி நிறத்தில் இருக்கும். ஒருமுறை ஸ்பேனர் பட்டால் போதும், அறுகோணத்தின் முனைகளில் பெயிண்ட் உரிந்து உலோகம் எட்டிப் பார்க்கும். அல்லது போல்ட்டுக்கு அடியிலிருக்கும் வாஷர் கொஞ்சம் நகர்ந்து, பழைய இடம் நிறம் மாறிப் பிறை வடிவில் தெரியும். பானட் கீல், டிக்கி கீல் இரண்டையும் இதே மாதிரி பாருங்கள்.

கதவுக் கீலில் மட்டும் அவசரப்படாதீர்கள். சில தொழிற்சாலைகளில் உள்வேலைக்காகக் கதவைக் கழற்றி மறுபடி மாட்டுவது வழக்கம். நான்கு கதவிலும் ஒரே மாதிரி தடம் இருந்தால் அது கம்பெனி வேலை. ஒரு கதவில் மட்டும் இருந்தால் அந்தக் கதவின் பெயிண்டையும் சீலரையும் மறுபடி பாருங்கள்.

படி 5: கேஜும் காந்தமும்

பெயிண்ட் கனத்தை அளக்கும் கேஜ் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். கூடவே வரும் வெற்றுத் தகட்டில் வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேனலிலும் நான்கைந்து இடங்களில், விளிம்பையும் வளைவையும் தவிர்த்து வையுங்கள்.

புது வண்டியில் கூரையிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே அடிபட வாய்ப்பு குறைவு என்பதால் அந்த எண்ணை இந்த வண்டியின் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கூரை 110 காட்டி, கதவுகள் 100-க்கும் 130-க்கும் நடுவில் இருந்தால் சரி. ஒரு பேனல் மட்டும் 170, 180 என்றால் தொழிற்சாலையிலேயே டச்-அப் செய்ததாகவும் இருக்கலாம். அங்கும் ரீவொர்க் உண்டு. 200-ஐத் தாண்டினால் மறு பெயிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 500, 1,000 என்று ஏறினால் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் கலவை, இருப்பது கிட்டத்தட்ட உறுதி.

இரண்டு எச்சரிக்கைகள். பி.பி.எஃப் (பெயிண்டைப் பாதுகாக்க மேலே ஒட்டும் பிலிம்) ஒட்டிய வண்டியில் அந்தப் பிலிமே 150 முதல் 200 மைக்ரான் கூட்டிக் காட்டும்; எனவே பிலிம் ஒட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 'இலவசமாக ஒட்டித் தருகிறோம்' என்று முந்திக்கொண்டு சொன்னாலும் அளந்த பிறகு ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, பிளாஸ்டிக் பாகங்களில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. அலுமினிய பானட் இருந்தால் அலுமினியத்தையும் அளக்கும் கேஜ் வேண்டும்.

கேஜ் இல்லையென்றால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளர்ந்து நழுவும். வெறும் மறு பெயிண்டை இதில் கண்டுபிடிக்க முடியாது.

செகண்ட் ஹேண்ட் என்றால்

மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், ஆனால் கூரையை நம்பக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்கள் சென்னையில் எத்தனையோ கார்களின் மேல் விழுந்தன. ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு டிக்கித் தரையின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா பாருங்கள். பழைய உரிமையாளரின் இன்சூரன்ஸ் தாளையும் கேளுங்கள். நான்கு வருட வண்டிக்கு நோ கிளைம் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால், சமீபத்தில் கிளைம் வாங்கினார்களா என்று கேட்க வேண்டும். பம்பர் உரசல், கதவுக் கீறல் என்றால் பேரம் பேசி எடுக்கலாம். தூணிலோ கூரையிலோ பட்டி இருந்தால் நான் அந்த வண்டியைத் தொட மாட்டேன்.

கண்டுபிடித்தால் என்ன செய்வது?

குரலை உயர்த்த வேண்டாம். சேசிஸ் நம்பர், கேஜ் காட்டிய எண், அந்த பேனல் மூன்றும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஷோரூம் மேனேஜருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, டெலிவரிக்கு முந்தைய சோதனை அறிக்கையையும் வேறு வண்டியையும் கேளுங்கள். பம்பர் மட்டும் என்றால் விலைக் குறைப்போடு நீங்கள் ஒத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் என்ன வேலை நடந்தது என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பிற்பாடு விற்கும்போது அது உங்களுக்கே உதவும். 'எந்தக் குறையும் இல்லாமல் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாளில், பார்த்த குறையைக் கையால் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எடுத்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் வழி அடைபடவில்லை. பட்டி நாளாக ஆக இறுகிச் சுருங்கும்போது அதன் விளிம்பு பெயிண்டில் வளையமாகத் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று மாதம் வெயிலில் நின்ற பிறகு, சந்தேகப்பட்ட பேனலைச் சாய்வான வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். வளையம் தெரிந்தால் தேதியோடு போட்டோ எடுத்து ஷோரூமுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது.